கருகல் மானியம்

வேளாண் அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், விருந்தாளி வருகிற வீட்டைப் போல நிலத்தைத் துப்புரவாக்கி வைத்தான் கோமாளி. ஊர் வைத்த பெயர் அது. துக்க வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவான். மழை ஏமாற்றியதில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. அதை வேற்றாள் பார்ப்பது, கிழிந்த பனியனோடு போட்டோவுக்கு நிற்பது மாதிரி அவனுக்குக் கூசியது. வாடகை டிராக்டரைப் பிடித்து மூலைமுடுக்கு விடாமல் உழுது மண்ணை மாவாக்கினான். மறுநாள் வந்த அதிகாரி வரப்பில் நின்று, பயிர் எங்கே என்று கேட்டார். கோமாளி பெருமையாகக் காலடியைக் காட்டினான். அவர் வெறும் மண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

கருகிய பயிருக்குத்தான் மானியம். அன்று சோறு போடும்போது மனைவி சொன்னது ஒன்றே ஒன்று.

"பொணத்தப் பொதைச்சிட்டு டாக்டரக் கூட்டிட்டு வந்த ஆளு, உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

நல்ல வசனம், தனக்கு வராமல் போயிற்றே என்று சிரித்தான். பாதிச் சோற்றிலேயே கை கழுவினான்.

மானியம் வந்தால் அடுத்த விதைப்பு உண்டு. வராவிட்டால் டவுனில் மனைவியின் தம்பி நடத்தும் பர்னிச்சர் கடையில் பீரோ தூக்க வேண்டியதுதான். நிலமும் அந்த மச்சினன் பெயரில்தான் இருந்தது. கோமாளி குத்தகைக்கு உழுகிறவன். எப்போது வேண்டுமானாலும் வாங்க மாமா, நம்ம கடைதானே என்று அவன் வாய் நிறையச் சொல்லியிருந்தான். அந்த 'நம்ம'தான் கோமாளியை முள்ளாகக் குத்தியது.

வேளாண் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். தப்பு என்னுதுதான் சார், உழுதுட்டேன் என்று மேசை மேசையாக அவனே வாக்குமூலம் கொடுத்தான். கதவோரம் நின்ற காவலாளியிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஒருவர் ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார். இன்னொருவர் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றார். அது வேலை செய்த ஒரு நாள், அதன் முன்னால் இருந்த அம்மா, நிலம் யார் பெயரில் என்று கேட்டார். மச்சினன் பெயரில் என்றதும் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, டீ குடிக்க எழுந்து போனார். உழுதது தப்பு என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கடைசியில் கடைக்கே போய்ச் சேர்ந்தான். வாசலில் புது வேன் நின்றது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மச்சினனோடு சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்கினான். கனம் தெரியாமலிருக்க உழுத கதையை அபிநயத்தோடு எடுத்துவிட்டான். வேலையாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சினன் மட்டும் தன் பக்கத்தை மெல்ல இறக்கிவிட்டு, வேன் கதவை வெறுமனே துடைத்தான்.

"ஏன் மாப்ள, ஊரே சிரிச்சுது, உனக்குச் சிரிப்பு வரலையா?" என்றான் கோமாளி. பிறகு குரல் தானாகவே இறங்கியது. "அந்தப் பணம் வருமா வராதா? உனக்காவது தெரியுமா?"

மச்சினன் துணியைக் கீழே போட்டான்.

"வந்துருச்சு மாமா. அந்தாளு போட்டோ எடுக்க வர்றதுக்கு முந்தியே வந்துருச்சு. நிலம் எம் பேர்ல இருக்கு, எனக்குப் போட்டுட்டாங்க. நீங்க உழுதாலும் ஒண்ணுதான், உழாட்டியும் ஒண்ணுதான். இந்த வேனுக்கு முன்பணம் அதுலதான் கட்டுனேன்."