மாமனாரின் கம்பளத்தில் நீலப் பசை

மாப்பிள்ளைக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. எந்தச் சிக்கலையும் சூடு காட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற மனிதர். துணியில் மெழுகு சொட்டிவிட்டதா, மேலே ஒரு தாளைப் போட்டுப் பெட்டியை ஓர் இழுப்பு இழுப்பார். மெழுகு தாளுக்கு வந்துவிடும். அந்த வெற்றி அவர் தலைக்கு ஏறிப் பல வருடமாகிறது.

முழங்கால் அறுவை முடிந்து மாமனார் அன்று வீடு திரும்புகிறார். பேத்தி வரைந்த வரவேற்புப் படத்தைச் சுவரில் ஒட்டுவதற்காக மாப்பிள்ளை, களிமண் மாதிரி பிசைந்து ஒட்டும் நீலப் பசையை உருட்டிக்கொண்டிருந்தார். ஓர் உருண்டை கைதவறிக் கீழே கம்பளத்தில் விழுந்தது. தேடுகிறேன் பேர்வழி என்று அதன்மேலேயே முட்டி போட்டார். விழுந்த இடமும் லேசுப்பட்டதா? காலைத் துடைத்துவிட்டு வந்தால்தான் மாமனார் அந்தக் கம்பளத்தை மிதிக்கவே விடுவார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. இன்றாவது வரும் என்று இவர் ஏங்கியிருந்தார், பாவம்.

தாளைப் போட்டார், பெட்டியை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தால் கோலிக்குண்டு அளவு இருந்த பசை உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது.

மனைவி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பசையைப் போய் யாராவது சுட வைப்பாங்களா? இளகி அடி வரைக்கும் போயிடுச்சு பாருங்க!"

"மெழுகு வந்துச்சே..."

"வாயைத் திறக்காதீங்க. பெட்டியை அந்தப் பக்கம் கொண்டு போங்க."

பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டுப் பசைமேல் வைத்தாள். அது விறைத்ததும் கரண்டி விளிம்பால் சுரண்டினாள். பொருக்குப் பொருக்காய்ப் பெயர்ந்து வந்தது. புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று மட்டும் அடம்பிடித்தது. அதன்மேல் மறுபடி ஐஸ் வைக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

மாமனார் கைத்தடியை ஊன்றி வந்து, வெளிர்நிறத் துணி சோபாவில் உட்கார்ந்தார். காலடியில் ஐஸ் பை.

"இது யாரு வெச்சது?"

மனைவிதான் முந்திக்கொண்டாள். "அவர்தான்பா. உங்க முட்டிக்கு."

மாமனார் பையை எடுத்து முட்டியில் வைத்துக்கொண்டார். "பரவாயில்லையே மாப்பிள்ளை! எனக்குன்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களே." பிறகு கீழே பார்த்தார். "அது என்ன, கல்லா?" தடியால் ஒரு தட்டு தட்டினார். விறைத்த பசை பட்டென்று தெறித்தது.

"கல்லுதான் மாமா!" மாப்பிள்ளை பாய்ந்து பொறுக்கிப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கம்பளம் பளிச்சென்று இருந்தது.

"ஏன் நிக்கறீங்க? வந்து பக்கத்துல உட்காருங்க."

அந்தச் சோபாவில் மாப்பிள்ளை உட்கார்ந்ததே இல்லை. சந்தோஷத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். மாமனார் தன் தம்பிக்குப் போன் போட்டு, "எனக்கு வாய்ச்ச மாப்பிள்ளை மாதிரி உனக்கு வாய்க்கல" என்று பெருமையடித்தார். கேட்கக் கேட்க மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் கதகதப்பானது. அப்போதுதான் பின்பக்கம் ஏதோ இளகுவது உறைத்தது.

"சாப்பாடு ரெடி, எழுந்து வாங்க" என்றாள் மனைவி.

"இருக்கட்டும்மா. மாமா பக்கத்துல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேனே."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.