கோஸ்மோவின் ஏழு பட்டன்கள்

என் கை ஐந்தாவது பட்டனில் இருந்தபோது மாரிவிக் அறைக்குள் வந்தாள். கோஸ்மோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மோவாயைத் தூக்கிக் கொடுத்திருந்தார். காலை ஏழு இருபது. அவரைக் குளிப்பாட்டித் துவட்டிச் சட்டை மாட்ட எனக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அந்த முதியோர் இல்லத்தில் வேறு யாருக்கும் அந்த வேகம் கிடையாது. பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"கைய எடுங்க, டெஸ்," என்றாள்.

வெளியே நடைகூடத்துக்குக் கூட்டிப்போய் என் பயிற்சி நோட்டைத் திறந்தாள். நூற்றிருபது மணி நேரப் பயிற்சி. தூக்கி உட்கார வைப்பது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது என்று எல்லா வரிக்கும் நேராக அவள் கையெழுத்து இருந்தது. 'உடுத்த உதவுதல்' மட்டும் காலி. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து பத்து வருடமாக இந்த வேலையில் இருப்பவள், என்னைவிட இருபத்துநாலு வயது சின்னவள். குரலை உயர்த்தவே மாட்டாள், அதுதான் வலிக்கும்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி ஏழு பட்டனையும் அவரேதான் போட்டாரு. கால் மணி நேரம் ஆகும், ஆனா போட்டாரு. இப்ப மூணு வாரமா மோவாயத் தூக்கிட்டு உக்காந்திருக்காரு."

அவருடைய அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் அது எழுதித்தான் இருந்தது: பட்டன்களை அவரே போடுவார், நேரம் கொடுக்கவும். முதல் நாளே படித்தேன். வேலைக்குச் சோம்பல்பட்ட எவனோ எழுதிவைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை என் கடைசி நாள். அதற்குள் அந்த வரி நிரம்பாவிட்டால் சான்றிதழ் கிடையாது, இங்கே எனக்கென்று பேசிவைத்திருந்த வேலையும் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதுக்காரனை ஆஸ்திரேலியாவின் ஓரத்தில் கிடக்கிற இந்த போர்ட் பிரி ஊரில் வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்?

துறைமுகத் தானியக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். என் மனைவி கார்மெலுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டேன். நாலு வருடம் அவளைப் பார்த்துக்கொண்டேன். போன ஆகஸ்டில் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டபோது, குளிப்பாட்டத் தெரியும், ஊட்டத் தெரியும் என்றேன். அதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்று அனுப்பிவைத்தார்கள். வகுப்பில் பதினாறு பேர், நான் ஒருத்தன்தான் ஆண். முதல் வாரம் அந்தப் பெண்கள் மதியம் புல்தரையில் உட்காரக் கூப்பிட்டார்கள். இல்லம்மா, கார்லயே சாப்பிட்டுக்கறேன் என்றேன். மறுபடி கூப்பிடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு கடையில் வாங்கிய இறைச்சி பப்ஸைத் தின்றுகொண்டு, ரேடியோவில் கோதுமை விலை கேட்பேன். விற்பதற்கு என்னிடம் ஒரு மணி கோதுமையும் கிடையாது.

ஒருநாள் வகுப்பில் ஒருவருக்கொருவர் கஸ்டர்ட் ஊட்டிவிடச் சொன்னார்கள். சாப்பிடுகிறவரின் கண்ணைக் கட்டிவிடுவார்கள், ஊட்டப்படுகிறவனின் பாடு தெரிய வேண்டுமாம். எனக்கு ஊட்டியது டேகன், பத்தொன்பது வயது. மோவாயில் வழிந்தது. நான் கையைத் தூக்குவதற்குள் அவளே துடைத்துவிட்டாள். கார்மெல் போனபிறகு என் முகத்தை யாரும் தொட்டதில்லை. கண்ணைக் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. மூக்கை உறிஞ்சியதற்கு ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாரிவிக் சொன்ன அன்று மாலை வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது கார்மெலுக்கு பிசியோதெரபி கொடுக்க வந்த பெண் நினைவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் மாதம் வாரம் இரண்டு தடவை வருவாள். கரண்டியை அவங்களே பிடிக்கட்டும், சிந்தினா சிந்தட்டும் என்பாள். கார்மெல் கரண்டியைப் பிடித்து, சிந்தி, அழுவாள். என்னால் தாங்க முடியவில்லை. அவ களைச்சுப்போயிட்டா, இனிமே வராதீங்க என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். அப்போதெல்லாம் கார்மெல் கரண்டி பிடித்த அந்த வலது கையால் என் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பாள். அடுத்த கோடையில் அது மடியில் வைத்த இடத்திலேயே கிடந்தது. நோய் என்றார்கள், நானும் நோய் என்றுதான் இருந்தேன். தட்டை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோஸ்மோவுக்குச் சட்டையை மாட்டிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. மோவாய் தூக்கியபடியே இருந்தது. மாரிவிக் நோட்டோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னய்யா, கை மரத்துப்போச்சா உனக்கு?" என்றார் கோஸ்மோ.

நீங்களே போடுங்க என்றேன். ஐம்பது வருடம் இந்த வளைகுடாவில் வலை இழுத்தவர், அவருக்குத் தெரிந்த இத்தாலியன் வசவு முழுவதையும் என் தலையில் கொட்டினார். சம்பளமே இல்லாத வேலையில் இவ்வளவு சோம்பேறியை நான் பார்த்ததில்லை என்றார். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே கையைச் சட்டைக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு தடவையும் பட்டன் துளையின் ஓரத்தில் முட்டி நழுவும். என் விரல்கள் தொடைக்கடியில் தாமாகவே அசைந்தன. மேஜையில் அவருக்காக வைத்திருந்த ஓட்ஸ் கஞ்சியில் ஆடை கட்டியது. இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தார். ஒரு துளை தள்ளிப் போட்டிருந்ததில் ஒரு பட்டனுக்குத் துளையே இல்லை, கழுத்துப்பட்டை ஒரு பக்கம் காதைத் தொட்டது. மனுஷன் முகத்தில் அப்படி ஒரு கர்வம். மாரிவிக் பேனா மூடியைக் கழற்றினாள்.

அப்போதுதான் லூயிசா வந்தாள், அவருடைய மகள். தினமும் தன் கடையைத் திறப்பதற்கு முன்னால் பிஸ்கட் டப்பாவோடு வருவாள்.

"அப்பாவ இப்படியா உக்கார வச்சிருக்கீங்க? ரெண்டு பேரு இருந்தும் ஒரு பட்டன் ஒழுங்கா போட முடியலயா?"

அவரே போட்டார் என்று மாரிவிக் சொல்வதற்குள் லூயிசா குனிந்துவிட்டாள். நல்ல வேகமான கை, என்னுடையதைப் போலவே. இரண்டு பட்டனைக் கழற்றியாகிவிட்டது. கோஸ்மோவின் மோவாய் மெல்ல மேலே போயிற்று. கர்வம் போய், குழந்தை முகம் வந்துவிட்டது. கார்மெலும் தினமும் காலையில் இப்படித்தான் மோவாயைத் தூக்குவாள். அதை என்மேல் இருக்கிற பிரியம் என்று நினைத்து, குனிந்த வாக்கிலேயே ஒரு முத்தம் கொடுப்பேன்.

குடும்பத்தாரிடம் சொந்தக் கதை பேசக் கூடாது என்று முதல் பாடத்திலேயே எழுதியிருக்கிறது. மாரிவிக் பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என் பொண்டாட்டிக்கு நானும் இப்படித்தாம்மா போட்டுவிட்டேன்," என்றேன். "நாலு வருஷம். கடைசில அவ கையில உசுரே இல்ல. நோயினால போச்சா என்னால போச்சான்னு எனக்கு இன்னும் தெரியல."

லூயிசாவின் விரல்கள் மூன்றாவது பட்டனில் நின்றன. என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிஸ்கட் டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். மாரிவிக் எழுதவும் இல்லை, நோட்டை மூடவும் இல்லை.

கோஸ்மோ மோவாயைத் தூக்கியபடியே காத்திருந்தார். யாரும் கை நீட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தலை கீழே இறங்கியது. திறந்து கிடந்த சட்டையை முறைத்தார். பிறகு அந்தத் தடித்த கட்டைவிரல் தட்டுத்தடுமாறி ஒரு பட்டனைப் பிடித்தது. துளையைத் தேடித் துணிமேல் மெதுவாக நகர்ந்தது.