நடுத்துறையும் நாலு விரலும்

படகு துறையை விட்டுக் கல்லெறி தூரம்கூடப் போகவில்லை. அதற்குள் ஓஸ்லோவிலிருந்து வந்திருந்த ஆசிரியை இங்வில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து, ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு நமக்கு நல்ல மீனா கிடைக்கட்டும்! எல்லாருக்கும் வாழ்த்துகள்!"

சுக்கானைப் பிடித்திருந்த தோர்பியோர்க் பிரைவோல் திரும்பிப் பார்க்கவில்லை. அறுபத்தொன்பது வயதிலும் வளையாத அவள் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. இயந்திரத்தின் சத்தம் மாறியது. 'ஹாவ்திஸ்' என்ற அந்த வெள்ளை மரப்படகு அகலமாக ஒரு வட்டமடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது.

"என்ன ஆச்சு? எதையாவது மறந்துட்டீங்களா?" என்றாள் இங்வில்.

"நான் ஒண்ணும் மறக்கல. நீங்கதான் வாயத் திறந்துட்டீங்க. மீன் பிடிக்கப் போறவங்களுக்கு யாராவது நல்லது சொல்லுவாங்களா? இந்த ஊர்ல தொட்டில் குழந்தைகூடச் சொல்லாது."

"பின்ன என்னதான் சொல்லணும்?"

"குப்பை மீன் விழட்டும்னு சொல்லணும். நல்லது சொன்னா கடல் காதுல விழுந்துடும். அப்புறம் வேணும்னே கையை விரிச்சிடும்."

படகிலிருந்த ஜெர்மானியத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோர்பியோர்க் கயிற்றை எடுத்துத் துறையின் இரும்புக் குமிழில் முறைப்படி சுற்றிக் கட்டினாள். கட்டிய கயிறு அவிழ்ந்தால்தான் புதுப் பயணம்.

ஸ்கார்வ்நெஸ் துறை முழுக்க அன்று கூட்டம். நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தின நாள். அன்றைக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு எல்லாப் படகுகளும் கடலுக்குப் போகும். மாலை மணி அடிப்பதற்குள் எந்தப் படகின் பயணி ஊர்த் தராசில் மிகக் கனமான மீனை வைக்கிறாரோ, அந்தப் படகுக்கு அடுத்த திருநாள்வரை நடுத்துறை சொந்தம். மணிக்கூண்டுக்கு நேர் எதிரே, கப்பலிலிருந்து இறங்குகிற பயணியின் கண் முதலில் படுகிற இடம் அது. தோர்பியோர்க்கின் அப்பா காலத்திலிருந்து அங்கே பிரைவோல் குடும்பத்துப் படகைத் தவிர வேறொன்று நின்றதில்லை.

பக்கத்துத் துறையிலிருந்து கோரெ சிரித்தான். அவள் தங்கை சோல்ஃப்ரிதின் கணவன். சீறிப் பாயும் ரப்பர் படகுகள் வைத்திருந்தான். அவன் பயணிகள் எல்லோரும் சிவப்பு மிதவை உடுப்பில் அவித்த இறாலைப்போல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன மதினி, அதுக்குள்ள வந்துட்டீங்க? மீன் பாரம் தாங்கலையா?"

"உங்க ரப்பர் வாத்துக்குக் காத்து இறங்காமப் பாத்துக்கோங்க மாப்பிள்ளை. பாறையில நிறைய மட்டிச்சிப்பி இருக்கு."

"இந்த வருஷம் நடுத்துறை எனக்குத்தான். சோல்ஃப்ரித் ஜன்னல் திரைக்குத் துணிகூட எடுத்துட்டா."

"படகுத்துறைக்கு ஜன்னல் திரை மாட்டுற குடும்பத்துக்குப் பொண்ணு கொடுத்தோமே, எங்களைச் சொல்லணும்."

கயிறு மறுபடி அவிழ்ந்தது. துறையில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "குப்பை மீன் விழட்டும்!" எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் இங்வில்.

மலைகளுக்கு நடுவே நுழைந்த கடற்கிளையான ஃபியோர்டின் வாயைத் தாண்டியதும் காற்று சில்லென்று முகத்தில் அறைந்தது. செங்குத்துப் பாறையிலிருந்து அருவி நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. தோர்பியோர்க் ஒரு சின்ன மீனை மேலே வீச, வெண்வால் கடற்கழுகு ஒன்று எங்கிருந்தோ இறங்கி, தலைக்கு மேலேயே அதைக் கவ்விக்கொண்டு போனது. ஜெர்மானியர் தொப்பி பறந்ததுகூடத் தெரியாமல் படமெடுத்தார். இங்வில் குதித்ததில் காப்பி கொட்டியது.

ஆனால் தூண்டிலில் விழுந்தவை எல்லாம் முழங்கை நீளக் காட் மீன்கள். சாப்பாட்டுக்கு ஆகும், தராசுக்கு ஆகாது. தராசுக்கு ஹாலிபட் வேண்டும், தட்டையாக, ஆளைவிடப் பெரிதாக வளரும் அடிக்கடல் மீன்.

மதியத்துக்குமேல் படகின் வானொலி கரகரத்தது. கோரெயின் குரல். "மதினி, ஹாலிபட்! அறுபத்தோரு கிலோ! தராசு முள் ஆடி நின்னுடுச்சு. நீங்க மெதுவா வாங்க, அவசரமில்ல."

தோர்பியோர்க் வானொலியை அணைத்தாள். பிறகு வாஃபிள் அப்பம் வைத்திருந்த தகர டப்பாவைக் காலி செய்து நீட்டினாள்.

"எல்லாரும் போனை இதுல போடுங்க."

"எதுக்கு?"

"நான் போகப் போற இடத்தை எங்கப்பா எனக்குக் காட்டினார். நான் வேற யாருக்கும் காட்டினதில்ல. போட்டுட்டு எல்லாரும் கடல் பக்கம் திரும்பி உக்காருங்க. கழுகைப் பாருங்க."

"கழுகு எங்கயும் காணோமே?"

"வரும். பாத்துட்டே இருங்க."

மூவரும் பள்ளிப் பிள்ளைகளைப்போல் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். தோர்பியோர்க் கரையைப் பார்த்தாள். தேவாலயக் கோபுரம் பிளந்த மலையின் இடுக்குக்குள் போய்ப் பொருந்த வேண்டும். அதே நேரத்தில் கருப்புத்தீவின் மூக்கு கலங்கரை விளக்கைத் தொட வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"இப்பப் போடும்மா. அடிவரைக்கும் விடு."

இங்வில் ஈயக்குண்டை விட்டாள். அது போய்க்கொண்டே இருந்தது. தரை தட்டியது. இரண்டு முறை தூக்கி இறக்கினாள். மூன்றாம் முறை தூக்க முடியவில்லை.

"பாறையில மாட்டிக்கிச்சு," என்றாள்.

பாறை நடக்கத் தொடங்கியது.

தூண்டில் கோல் படகு விளிம்புவரை வளைந்தது. நூல் சுருள் அலறியது. "விடாதே! இழுக்காதே! அது போகட்டும்!" என்று தோர்பியோர்க் ஒரே மூச்சில் மூன்றும் சொன்னாள். ஜெர்மானியர் இங்வில்லின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அவர் மனைவி அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மீன் 'ஹாவ்திஸ்' படகையே கட்டி, அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தது.

"கை போயிடுச்சு! எனக்குக் கையே இல்ல!" இங்வில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஓஸ்லோவுக்குப் போய் வேற கை வாங்கிக்கலாம். சுத்தும்மா!"

மேலே வரும், வெளிச்சத்தைப் பார்க்கும், மறுபடி அடிக்கே பாயும். அப்படி எத்தனை முறை போய் வந்ததோ. கடைசியில் பச்சைத் தண்ணீருக்கடியில் ஒரு வெளிறிய நிழல் அகன்று அகன்று வந்தது. கூடத்துப் பாயை யாரோ கடலில் விரித்ததுபோல் அது மேலே வந்து, படகின் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது.

ஹாலிபட். கோரெயின் மீன் இதற்குப் பேத்தி.

தோர்பியோர்க்கின் கை தானாக இரும்புக் கொக்கியை எடுத்தது. நடுத்துறை கண்முன் தெரிந்தது. மணிக்கூண்டு தெரிந்தது. கோரெ தொப்பியைக் கழற்றுவது தெரிந்தது. அதோடு, படகு விளிம்பில் அவளே கத்தியால் வெட்டிவைத்திருந்த இரண்டு அடையாளங்களும் தெரிந்தன. இரண்டுக்கும் இடையே சரியாக இரண்டு மீட்டர். அதைத் தாண்டிய ஹாலிபட் முட்டையிடும் தாய்மீன். பிடித்தவர் திருப்பி விட்டுவிட வேண்டும். அதுதான் சட்டம்.

மீனின் மூக்கை முதல் வெட்டில் சேர்த்தாள். வால் இரண்டாவது வெட்டைத் தாண்டிக் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தாள். நாலு விரல்.

மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே நாலு விரல். அடையாளம் வெட்டக் கத்தியை எடுத்த அன்றைக்குக் கை கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததற்கே முகம் சுட்டது.

"நாலு விரல்தானே!" இங்வில் கெஞ்சினாள். "வாலைக் கொஞ்சம் மடக்கினா சரியாப் போயிடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். தினமும் காலையில கண்ணாடியில நிக்கிறவளுக்கும் தெரியும்."

"அப்ப ஒரு படமாவது எடுத்துக்கலாம்! போன் எங்க? அந்த டப்பா எங்க?"

தோர்பியோர்க் கரையைப் பார்த்தாள். கோபுரம் மலை இடுக்கில் ஊசியாக நின்றது. மீன் கிடந்தது கரைப்பக்கம்; எப்படி எடுத்தாலும் அதற்குப் பின்னால் கோபுரம் விழும், இடம் தெரிந்துவிடும்.

"வேண்டாம்," என்றாள்.

முள்ளைக் கழற்றினாள். மீன் ஒரு கணம் அப்படியே கிடந்தது. பிறகு வாலை ஒரே அடி அடித்து, நாலு பேரையும் தலையோடு நனைத்துவிட்டு இறங்கிப் போனது. இங்வில் நனைந்த முகத்தோடு கூவினாள். ஜெர்மானியர் தோர்பியோர்க்கைக் கட்டிப்பிடித்துவிட்டார். அவள் விறைத்து நின்றாள். ஆனால் உதறவில்லை.

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது 'ஹாவ்திஸ்' நடுத்துறைக்கு வந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

"மீன் எங்க மதினி?" என்றான் கோரெ.

"விட்டுட்டேன். ரெண்டு மீட்டருக்கு நாலு விரல் கூட இருந்துச்சு."

துறையே சிரித்தது. தப்பிப்போன மீனெல்லாம் பெரிய மீன்தான் என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு.

"படம்?"

"போனெல்லாம் வாஃபிள் டப்பாவுல கிடந்துச்சுங்க!" இங்வில் கத்தினாள். "கழுகைப் பாருங்கன்னு திருப்பி உக்கார வெச்சுட்டாங்க! கழுகே வரல!"

சிரிப்பு இன்னும் பலத்தது. கோரெ மட்டும் சிரிப்பதை நிறுத்தினான். கல்யாணமான நாளிலிருந்து மாமனாரின் அந்த இடத்தை அவன் தேடி வருகிறான். சோல்ஃப்ரிதுக்கே அந்த இடம் தெரியாது. அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அங்கயா போனீங்க?"

தோர்பியோர்க் குனிந்து குமிழில் கயிற்றை இறுக்கினாள். அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"டேய், சிரிக்காதீங்கடா. மீன் இருந்துச்சு. பிரைவோல் வீட்டுல நாலு விரல்னா நாலு விரல்தான்." பிறகு அவளிடம், "நீங்களே இங்க இருங்க மதினி. எனக்கு இது வேண்டாம்."

"பிச்சையா போடுறீங்க மாப்பிள்ளை? தராசுல ஏறினதுதான் மீன். நாங்க ஜெயிச்சப்பவும் அதே விதிதான்."

அவளே கயிற்றை அவிழ்த்தாள். மணி அடித்தபோது 'ஹாவ்திஸ்' கடைசித் துறையில் நின்றது. மீன்குடல் கொட்டும் தொட்டிக்குப் பக்கத்தில், கடற்காகங்களின் கூச்சலுக்கு நடுவே.

மறுநாள் காலை தோர்பியோர்க் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, நடுத்துறையைத் தாண்டி ஒரு கூட்டம் நீளப் பாலத்தில் நடந்து வந்தது. முன்னால் இங்வில். முந்தின மாலை கடற்கரையில் எரிந்த திருநாள் நெருப்பைச் சுற்றி அவள் கதை சொல்லியிருக்கிறாள். இப்போதும் சொல்லிக்கொண்டேதான் வந்தாள், கைகளை விரித்து, இன்னும் விரித்து.

"மூணு மீட்டர் இருக்கும்! படகைவிட அகலம்!"

"ரெண்டு மீட்டரும் நாலு விரலும்," என்றாள் தோர்பியோர்க். "அதுக்கு மேல ஒரு நூல்கூட இல்ல. ஏறுறவங்க ஏறுங்க."

டப்பாவை நீட்டினாள். யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை. போன்கள் மளமளவென்று விழுந்தன.

நடுத்துறையில் புதுத் திரைத்துணி காற்றில் படபடக்க, கோரெ தனியாக நின்றான். 'ஹாவ்திஸ்' அவனைக் கடந்தபோது கைகளைக் குவித்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"குப்பை மீன் விழட்டும், மதினி!"

தோர்பியோர்க் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி, ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கி நாலு விரலைக் காட்டினாள்.