ஹாரன் வாயைத் திறக்காத காலை

பேக்கரியில் அவளுக்கு வேலை கேக்கின் மேல் பெயர் எழுதுவது. கைமடிப்பில் எந்நேரமும் வெள்ளையோ ரோஸோ அப்பியிருக்கும். அதனால் பார்லரில் கூடும் பெண்கள் அவளுக்குக் கிரீம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே யாரும் யாருடைய சொந்தப் பெயரையும் கேட்பதில்லை.

பார்லர் அக்காவின் அழகு நிலையத்துக்கு வார விடுமுறை வரும் நாளில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர்கள் கூடுவார்கள். அங்கே வரும் ஒவ்வொருத்தியையும் யாரோ ஒருவன் பலவந்தப்படுத்தியிருந்தான். ஒருத்திக்கு அவன் சொந்தக்காரன், ஒருத்திக்கு முதலாளி, இன்னொருத்திக்குத் தாலி கட்டியவன். வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசலாம். பேசாமல் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டும் உட்கார்ந்திருக்கலாம். தானாகச் சொன்னால் காது கொடுக்க வேண்டும், நீயாகத் தோண்டக் கூடாது என்பது மட்டும் சட்டம்.

“நான் கோர்ட்டுப் படி ஏறின அன்னைக்கு என் பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அந்தக் கடுப்புலதான் இதை ஆரம்பிச்சேன்” என்பாள் பார்லர் அக்கா.

கிரீமுக்கும் கோர்ட்டுப் படி காத்திருந்தது. முன்பு வேலை பார்த்த பேக்கரியின் முதலாளி, மாவு மூட்டைகள் அடுக்கும் அறையில் வைத்து அவளை நாசம் செய்தான். அவள் போலீசுக்குப் போனாள். வழக்கு தள்ளிப் போய்த் தள்ளிப் போய், கடைசியில் அவள் சாட்சி சொல்ல நாள் வந்தது. செய்தியை அவள் பார்லரில் சொன்னபோது முதலில் குதித்தவள் ஹாரன்.

ஹாரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அவள் தெருமுனையில் பேசினால் அடுத்த தெருவில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொள்ளும்.

“வந்துடுச்சுடீ! நம்ம நாளு வந்துடுச்சு!” என்று அவள் கத்தியதில் கண்ணாடி அலமாரியில் சீப்புகள் சரிந்தன.

“எனக்கு இங்க பயமா இருக்கு, நீ என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி கத்தற” என்றாள் கிரீம். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னவெல்லாம் கேட்பான் என்று ஒத்திகை பார்க்கலாம் என்றாள் ஹாரன். அரசு வக்கீலம்மாவிடம் போனில் கேட்டார்கள். அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நடந்ததைப் பற்றி யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கக் கூடாது, அது அவள் வாயிலிருந்துதான் வரவேண்டும். எப்படி நிற்பது, கேள்வி புரியாவிட்டால் எப்படிக் கேட்பது என்பதை வேண்டுமானால் பழகலாம்.

“அப்போ வேற கேஸு போடுவோம். குடை திருட்டு” என்றாள் பார்லர் அக்கா.

முடி வெட்டும்போது போர்த்தும் கறுப்புத் துணியை அவள் தோளில் போட்டுக்கொண்டாள். கிரீமைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, மிதியை மிதித்து மிதித்துச் சாட்சிக் கூண்டு உயரத்துக்கு ஏற்றினார்கள். ஹேர் டிரையரை நீட்டிக்கொண்டு பார்லர் அக்கா ஆரம்பித்தாள்.

“உங்க குடை காணாம போச்சுங்கறீங்க. அன்னைக்கு மழையே இல்லையே, எதுக்குக் குடை எடுத்துட்டுப் போனீங்க?”

“வெயிலுக்கு.”

“ஓஹோ! எல்லாரும் பாக்கற மாதிரி பூப்போட்ட குடையை விரிச்சுட்டுப் போவீங்க, யாராவது எடுத்தா திருட்டும்பீங்க?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்காலியே ஆடியது. பிறகு யாரோ ஒருத்தி சிரிப்பை நிறுத்தினாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லோரும் நிறுத்தினார்கள். தங்களை யார் யார் எப்படிக் கேட்டார்கள் என்பது ஒரே நேரத்தில் எல்லோருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

“நிறுத்தாதீங்க, கேளுங்கக்கா” என்றாள் கிரீம். அவள் முகம் சிவந்திருந்தது. “இன்னும் மோசமா கேளுங்க.”

வாரா வாரம் குடை வழக்கு நடந்தது. கேள்வி புரியவில்லை என்று சொல்லப் பழகினாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து அந்த இடைவெளியில் மூச்சை இழுத்துக்கொள்ளவும் பழகினாள். பார்லர் அக்கா ஒரே மூச்சில் நாலைந்து கேள்விகளைக் கோத்து வீசும்போது அவற்றைப் பிரித்துப் பிரித்துத் திருப்பிக் கொடுக்கவும் கற்றுக்கொண்டாள். ஹாரன் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து, “விடாத! அப்படிப் போடு!” என்று கத்துவாள். பார்லர் அக்கா அவளை ஒவ்வொரு முறையும் கோர்ட்டை விட்டு வெளியே அனுப்புவாள்.

அந்த நாளும் வந்தது. காலையில் கிரீம் எழுந்தபோது அவளுடைய உடைக்கு அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வீட்டில்தான் கிரீம் இருந்தாள். அண்ணனுக்கு இந்த வழக்கே பிடிக்கவில்லை. முடிந்துபோனதை ஊர் முழுக்கத் தண்டோரா போட வேண்டுமா என்பது அவன் பேச்சு. அண்ணி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

“நானும் வரேன்” என்றாள் அண்ணி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

“அண்ணன் என்ன சொல்வாரு?”

“அவர் எழுந்திரிச்சு சொல்லட்டும். நாம அதுக்குள்ள கிளம்பிடலாம்.”

ஹாரன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பள்ளிக்கூட வேனை ஓட்டத் தன் தங்கையை அனுப்பிவிட்டு, சொந்தக்காரர் ஒருவரிடம் வேறு வேன் இரவல் வாங்கியிருந்தாள். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுலா போகிறவர்கள் மாதிரி இருந்தது. ஒருத்தி கிரீமின் தலையை வாரிவிட்டாள். ஒருத்தி வாந்தி வருகிறதா என்று கேட்டாள். “வந்தா முன்னாடியே சொல்லு, வேன் இரவல்” என்றாள் ஹாரன். அண்ணி ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விசாரணை மூடிய அறையில் நடக்கும், சாட்சிக்குத் துணையாக ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று அரசு வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார். அது பார்லர் அக்காதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும் கையிலிருந்த பையை அடுத்தவளிடம் கொடுத்துத் தயாராகிவிட்டாள். கதவு திறந்து கூப்பிட்டபோது கிரீம் சொன்னாள்:

“ஹாரன் வரட்டும்.”

எல்லோர் தலையும் ஹாரன் பக்கம் திரும்பியது.

“நானா?” என்று ஹாரன் கத்தினாள். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த காவலர் விழித்துக்கொண்டார்.

“அடிப்பாவி, இவ உள்ள போய் ஒரு சத்தம் போட்டா மொத்தமும் போச்சு” என்றாள் பார்லர் அக்கா.

“போட மாட்டா. எனக்கு உள்ள குரல் அடைச்சுக்கும்க்கா. இவளைப் பாத்தா எனக்குச் சத்தம் வரும்.”

பார்லர் அக்கா ஹாரனின் துப்பட்டா முனையைச் சுருட்டி அவள் கையில் திணித்தாள். “இந்தா, தாங்கலேன்னா இதைக் கடி.”

உள்ளே நீதிபதியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் அவளுக்குத் தெரியாதபடி நடுவில் திரை போட்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் அவன் இருமினான். அந்த இருமல் அவளுக்குத் தெரிந்த இருமல். கிரீம் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஹாரனைப் பார்த்தாள். ஹாரன் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, ஊதி முடித்த பலூன் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வாயில் துப்பட்டா.

கிரீமுக்குச் சத்தம் வந்தது. அரசு வக்கீலம்மா கேட்கக் கேட்க, நடந்ததை நடந்தபடி சொன்னாள். இரண்டு இடங்களில் அழுதாள். தண்ணீர் கேட்டாள், குடித்தாள், மேலே சொன்னாள்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இனிமையான குரல் அவருக்கு. அதிலேயே விஷம் இருந்தது.

“மூட்டை அறைக்குப் போகும்போதே அங்க யாரும் இல்லன்னு உங்களுக்குத் தெரியும், இருந்தும் போனீங்க, போனவங்க கத்தவும் இல்ல, மறுநாள் ஒண்ணும் நடக்காத மாதிரி வேலைக்கும் வந்தீங்க, சரிதானே?”

கிரீமுக்குள் என்னவோ சுறுசுறுவென்று ஏறியது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டதைப் பார்த்த பிள்ளையின் துடிப்பு அது.

அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். “அம்மா, அவர் கேட்டதுல நாலு கேள்வி இருக்கு. எல்லாத்துக்கும் சேத்து ஆமான்னு சொன்னா தப்பாயிடும். ஒவ்வொண்ணா கேக்கச் சொல்லுங்க.”

நீதிபதியம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “சாட்சி சொல்றது நியாயம்தான். பிரிச்சுக் கேளுங்க.”

வக்கீல் தொண்டையைச் செருமினார். “அங்கே ஆள் இல்லன்னு தெரிஞ்சேதான் போனீங்களா?”

“தெரியாது. மாவு எடுக்கப் போனேன். அதுதான் என் வேலை.”

“ஏன் கத்தல?”

“வாயைப் பொத்தியிருந்தான்.”

“கையை எடுத்த பிறகு?”

“பிறகு குரலே வரல. என் குரல் திரும்பி வர ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு வந்திருக்கு.”

“மறுநாள் வேலைக்கு வந்தீங்களா, இல்லையா?”

“வந்தேன். தினமும் போற வழியில கால் தானா போச்சு. வேற எங்க போறதுன்னு எனக்கு யாரும் சொல்லல.”

வக்கீல் இன்னும் கொஞ்சம் சுற்றி வந்தார். அந்த ஆள் முன்பு பரிசு கொடுத்தானா, அவள் சிரித்துப் பேசினாளா என்றெல்லாம் கேட்டார். அவள் பதில்கள் சின்னதாகிக்கொண்டே போயின, குரல் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அவர் தாள்களை அடுக்கிவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

கதவைத் தாண்டியதும் ஹாரன் வாயிலிருந்து துப்பட்டாவை எடுத்தாள். முனையில் ஓட்டை விழுந்திருந்தது.

“கொன்னுட்டாக்கா! நாலு கேள்வி இருக்குன்னா பாருங்க, அந்தாளு மூஞ்சி அப்படியே…” என்று அவள் கிளம்பியதில் தாழ்வாரம் அதிர்ந்தது. காவலர் இந்த முறை எழுந்தே வந்தார். வந்தவர், பெண்கள் எல்லோரும் கிரீமைக் கட்டிக்கொண்டு சிரிப்பதையும் அழுவதையும் பார்த்துவிட்டு, “வெளிய போய் கத்துங்கம்மா, புண்ணியமா போகும்” என்று சொல்லித் திரும்பிப் போனார்.

கேண்டீனில் தேநீர் வந்தது. ஹாரன் மேசையைத் தட்டித் தட்டி விசாரணையை மறுபடி நடத்திக் காட்டினாள். கிரீமுக்குப் பசி எடுத்தது. அப்படிப் பசித்து வெகுகாலம் ஆகியிருந்தது. இரண்டாவது பன்னைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் அண்ணி பார்லர் அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்பது காதில் விழுந்தது.

“நீங்க கூடற இடத்துக்கு, கேஸு போட்டவங்கதான் வரணுமா?”

“யார் வேணா வரலாம்மா.”

“ரொம்பப் பழசா இருந்தா? கல்யாணத்துக்கும் முன்னாடி?”

“பழசு புதுசெல்லாம் அங்க கிடையாதும்மா. வந்து சும்மா உக்காந்தா போதும்.”

கிரீமின் கையில் பன் அப்படியே நின்றது. ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்படியில் இத்தனை வருஷம். யாரு, எப்போ, ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல? கேள்விகள் நாக்கு நுனிவரை வந்து முட்டின. அவள் அவற்றை விழுங்கினாள். பன்னில் பாதியைப் பிய்த்து அண்ணியின் தட்டில் வைத்தாள். அண்ணி அதை எடுத்துச் சாப்பிட்டாள்.

தீர்ப்பு வர மேலும் மாதங்கள் ஆயின. அந்த ஆள் சிறைக்குப் போனான். மேல்முறையீடு செய்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். ஆனால் பார்லரில் அவர்கள் கொண்டாடியது தீர்ப்பை அல்ல. சாட்சி சொன்ன அந்த வாரத்திலேயே, கிரீம் தன் கையால் செய்த பெரிய கேக்கோடு பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் அண்ணி குனிந்து வந்தாள்.

“கேக்கு மேல ஒண்ணுமே எழுதலியே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“தினமும் எழுதிக் கை வலிக்குது, இன்னைக்கு லீவு” என்றாள் கிரீம்.

ஹாரன் கேக்கைப் பார்க்கவே இல்லை. “வாங்கண்ணி! இவளுக்கு மட்டும் அண்ணின்னா எப்படி, இனிமே எங்க எல்லாருக்கும் அண்ணி!” என்று ஒரே சத்தம்.

அண்ணி மிரண்டுபோய் ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். கிரீம் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தானும் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.