தகர வேகனின் உள்பக்கம்

12 டிசம்பர் 2024, வியாழன்.

நேற்று அவசரப்பட்டுத் தவறாகச் சொல்லிவிட்டேன். மாலை வகுப்பில் உடன் படிக்கும் வியாகுலமேரி அக்கா, இறந்துபோன தன் அப்பாவின் பெட்டியில் கிடைத்த பொம்மைச் சரக்கு ரயில் வேகனைக் கொடுத்து, கையால் செய்ததா, கம்பெனியில் செய்ததா என்று பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தார். நீளம், சக்கர இடைவெளி எல்லாம் அளந்து இணையத்தில் தேடினேன். எதுவும் பொருந்தவில்லை.

"சர்ச்சுக்கு வந்த வெளிநாட்டு ஃபாதர் யாராவது கொடுத்திருப்பாகக்கா."

"தானே செஞ்சதா அப்பா சொன்னாகளே. அப்ப பொய்யா? நானும் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்."

இன்று அடித்தட்டைக் கழற்றினேன். தகரத்தின் உள்பக்கத்தில், அவர் அப்பா வேலை பார்த்த மேகமலை எஸ்டேட்டின் பெயர் தமிழில் அச்சாகியிருந்தது. தேயிலை டின்னை வெட்டிச் செய்திருக்கிறார். நம் ஊர்க்காரரால் இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியாது என்று நான் நினைத்ததை எழுதவே கூசுகிறது.

நாளை வகுப்பில் எல்லார் முன்னாலும் வேகனைத் திருப்பிக் கொடுத்து, அவர் அப்பா சொன்னது உண்மை என்று சொல்ல வேண்டும்.