ஆறாம் எண் வெளிச்சம்

அன்றைக்கு நட்சத்திரங்கள் அணைந்துபோனதை அரங்கத்தில் இருந்த நூற்றிருபது பள்ளிப் பிள்ளைகளும் பார்த்தார்கள். பார்க்காதவர் ஒரே ஒருவர். அந்த நட்சத்திரங்களைப் பற்றி மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர்.

நான் கோளரங்கத்தில் கருவி ஓட்டுகிறவன். குவிமாடத்துக்கு நடுவே நின்றுகொண்டு கூரை முழுக்க வானத்தை வரைகிறதே, அந்த நட்சத்திரக் கருவிக்கும் அதன் விளக்குக்கும் நான்தான் பொறுப்பு. அதனால் வேலையிடத்தில் என் பெயர் பல்பு. பேசுகிறவர் என் அக்காவின் கணவர். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், வாரத்துக்கு ஒருமுறையாவது அதைச் சொல்லிக்காட்டுகிறவரும் அவர்தான். வானத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவரிடம் நான் வாயைக் கொடுக்க மாட்டேன். அப்படிப் பேசுவார்.

விளக்கு பட்டென்று போனது. கும்மிருட்டு. பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். அத்தானோ நிறுத்தவே இல்லை.

"அதோ, வடக்குல பாருங்க. ஏழு நட்சத்திரம், கரண்டி மாதிரி. கரண்டியோட காம்பு வளைஞ்சு எங்க போகுதுன்னு பாருங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியைகளும் சிரித்தார்கள். மனிதர் நன்றாக நடிக்கிறார் என்று நானும் சிரித்துவிட்டு மைக்கை எடுத்தேன்.

"அத்தான், போதும் நடிச்சது. பல்பு போயிடுச்சு."

"எந்தப் பல்பு, நீயா?" என்று அவர் கேட்டிருக்க வேண்டும். வழக்கமாகக் கேட்பார். அன்று கேட்கவில்லை. நான் அரங்க விளக்கைப் போட்டபோது அவர் வடக்குப் பக்கம் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை.

"எப்ப போச்சு மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கரண்டிக்கு முன்னாடியே."

அடுத்த வாரம் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்கச் சொல்லி, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர் அழுத்தவே இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றியது. பிறகு ஒரு தாளைக் காட்டினார்கள். தாள் முழுக்கக் கறுப்பு, நடுவில் காசளவு வெள்ளை. அந்தக் காசளவுதான் அத்தானுக்கு மிச்சம்.

மருத்துவர் அம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் இரண்டு வகை செல்கள் உண்டாம். நடுவில் இருப்பவை பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும். ஓரங்களில் நிறைந்திருப்பவை இருட்டுக்கு. இவருக்கு இருட்டுச் செல்கள் பல வருடங்களாக ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன.

"அதனாலதான மங்கலான நட்சத்திரத்த நேராப் பாக்காம கொஞ்சம் ஓரமாப் பாக்கச் சொல்றோம்" என்றார் அத்தான். தினம் மூன்று காட்சியில் சொல்கிற வரி அது.

"அதேதான். நீங்க கடைசியா அப்படிப் பாத்தது எப்ப?"

ஞாபகம் இல்லை என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கும் தெரியாது என்றார். பொய் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் ஆளுக்கே தெரியாதாம்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கருவியில் ஒரு திருகு உண்டு. பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் போட்டிருக்கும். நட்சத்திரம் எவ்வளவு பிரகாசமாக எரிய வேண்டும் என்பதை அதில்தான் வைப்போம். அதிகம் வைத்தால் விளக்கின் ஆயுள் குறையும் என்பதால், ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எந்த எண்ணில் ஓட்டினோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் மூன்று. மூன்று போதும், கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் நன்றாகவே தெரியும். பிறகு ஒருநாள் அத்தான், "மாப்ள, கொஞ்சம் கூட்டு. பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல" என்றார். நாலு வைத்தேன். அப்புறம் ஐந்து. குவிமாடத்தில் தூசி என்று நினைத்து, ஏணி போட்டு மூன்று நாள் கழுவ வைத்தேன். ஆறு. விளக்கு வாங்கி மாளவில்லை என்று மேலாளர் கத்தினார். பேச்சாளர் கேட்கிறார், நான் என்ன செய்ய என்று எதிர்த்துக் கத்தினேன். ஏழு, எட்டு, ஒன்பது. ஆறு வருடம் அவர் கூட்டு என்றார், நான் கூட்டினேன். ஒரு தடவையாவது 'பின்னாடி இருக்கறவங்களுக்கா, உங்களுக்கா?' என்று கேட்டேனா? தினமும் தேதி போட்டு அழகாக எழுதிவைத்தது மட்டும்தான் நான் கிழித்தது.

பதிவேடுகளைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் மருத்துவர் அம்மா வெகுநேரம் புரட்டினார். "இவ்வளவு துல்லியமான கணக்கு எந்த நோயாளிகிட்டயும் பாத்ததில்ல" என்று நகல் எடுத்துக்கொண்டார். பாராட்டுகிறாராம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது. ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அந்தப் பிழையான பிரதி சொல்கிறபடி உருவாகும் புரதம், தான் இருக்கிற செல்லையே கொன்றுவிடுகிறது. இப்போது ஒரு மருந்து ஆராய்ச்சியில் இருக்கிறது. கண்ணுக்குள் ஊசியாகப் போட்டால், பிழையான பிரதியை மட்டும் வாயடைத்துவிட்டு, நல்ல பிரதியைத் தன் வேலையைப் பார்க்க விடுமாம். போன மாதம்தான் காட்சியின் கடைசி ஐந்து நிமிட அறிவியல் செய்தியில் அத்தானே இதைக் கணீரென்று வாசித்திருந்தார். யாருக்காக வாசிக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"செத்த செல்ல அது எழுப்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம்னு நம்பறோம். உத்தரவாதம் இல்ல. உங்களுக்குக் காப்பாத்த அதிகம் மிச்சமில்ல" என்றார் மருத்துவர். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். "பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு. பதினொரு வயசு."

"அவளுக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்னப் பிள்ளைங்களையும் ஆராய்ச்சியில சேக்க ஆரம்பிச்சிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள பேர் குடுக்கணும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

அக்கா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடி கூடப் போடல. நல்லா இருக்கற புள்ள கண்ணுல ஊசி குத்தவா பெத்தேன்?"

"ரத்தம்தான் எடுக்கப் போறாங்க" என்றார் அத்தான்.

"எடுத்து, இருக்குன்னு வந்துட்டா? அப்புறம் தினம் காலைல அவ மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான தெரியும்? அது வேணாம். தெரியாமலே இருக்கட்டும்."

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சண்டை போட்டார்கள். அந்தக் கதவு எந்தச் சத்தத்தையும் தடுத்ததில்லை. வெளியே மேசையில் அக்கா மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் நகரவில்லை. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டதால் நான் யாருக்கும் உதவாமல் சுவரோடு சுவராக நின்றேன்.

அவளுக்கு நான் வைத்த பட்டப்பெயர் பயந்தாங்கொள்ளி. விளக்குப் போடாமல் குளியலறைக்குப் போக மாட்டாள். சினிமாக் கொட்டகையில் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாள். கோளரங்கத்துக்கு வந்தால் படியில் இறங்க என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் வேண்டுமென்றே கையை இழுத்துக்கொண்டு, "மாமா காணாமப் போயிட்டேன்" என்பேன். அவள் கோபத்தில் கத்துவாள். எல்லோரும் சிரிப்போம்.

வார விடுமுறை நாளில், மத்தியான நேரம், அத்தான் அவளை அழைத்துக்கொண்டு அரங்கத்துக்கு வந்தார். அக்காவிடம் சொல்லவில்லை.

"சும்மா ஒரு விளையாட்டுடா கண்ணு. மாமா வெளிச்சத்தக் கொறச்சுக்கிட்டே வருவான். ஒனக்கு என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே வா."

என் காதில், "மூணு வரைக்கும் போ. மூணுல தெரிஞ்சுதுன்னா நா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றார்.

அவளை நடு வரிசையில் உட்காரவைத்தோம். அவர் என் பக்கத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பத்தில் ஆரம்பித்தேன்.

"தெரியுது மாமா."

ஒன்பது, எட்டு, ஏழு. ஒவ்வொன்றுக்கும் தெரியுது என்றாள். ஆறு. "தெரியுது." ஐந்து. "வேடன் தெரியறான். இடுப்புல மூணு நட்சத்திரம், வரிசையா." நாலு. மூன்று.

"வடக்குல ஏழு நட்சத்திரம். கரண்டி மாதிரி."

அத்தான் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். "மூணு மாப்ள, மூணு" என்றார். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஆறுக்குப் பிறகு அவள் தேடவே இல்லை. நான் திருகிய மறு நொடியே பதில் வந்தது. அதுவும் யார் பேச்சு அது? வார்த்தைக்கு வார்த்தை அத்தானின் பேச்சு. சின்ன வயதிலிருந்து எத்தனை காட்சி கேட்டிருப்பாள்.

எண்ணைச் சொல்லாமல் திருகைப் பூஜ்யத்தில் வைத்தேன். கூரையில் ஒன்றுமே இல்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை.

"இப்ப?" என்றேன்.

"தெரியுது மாமா. கரண்டியோட காம்பு வளைஞ்சு போகுது."

"பாத்தியா மாப்ள?" என்று அத்தான் சிரித்துக்கொண்டே அழுதார். "அக்காவுக்குப் போன் போடு. அவதான் ஜெயிச்சான்னு சொல்லு."

இருட்டில் எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த வீட்டில் இன்றைக்குச் சண்டை இல்லை. அக்கா நிம்மதியாகத் தூங்குவாள். மாசக் கடைசி தானாக வந்து தானாகப் போய்விடும். அவ்வளவு சுலபம். இதே நாற்காலியில் இப்படித்தான் ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு திருகினேன்.

"அத்தான், ஜீரோல இருக்கு. எல்லாத்தையும் அணைச்சுட்டேன்" என்றேன்.

பிறகு நடு வரிசையிலிருந்து விசும்பல் வந்தது.

"நா தெரியுதுன்னு சொன்னா, நீங்களும் அம்மாவும் சண்ட போட மாட்டீங்கதானப்பா?"

அத்தான் அவளை நோக்கி நடந்தார். நாற்காலிகளில் முழங்காலை இடித்துக்கொண்டு, தடவித் தடவிப் போகிற சத்தம் கேட்டது. விளக்குப் போட என் கை போனது.

"லைட்டப் போடாத மாப்ள" என்றார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார் என்று குரல் வந்த இடத்திலிருந்து தெரிந்தது. "மறுபடி பத்துலேர்ந்து வா. மெதுவா. கண்ணு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அப்பாவுக்கும்தான் தெரியல. ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்."

மறுபடி பத்திலிருந்து வந்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டாள். எட்டில், "கொறச்சலாத்தான் இருக்கு" என்றாள். ஏழில் நாலைந்து என்றாள். ஆறில் எதுவும் சொல்லவில்லை. மூன்று வைத்தாலே கடைசி வரிசைக்குத் தெரியும் கூரையில், ஆறு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"நேராப் பாக்காதடா. கொஞ்சம் ஓரமாப் பாரு" என்றார் அத்தான்.

காத்திருந்தேன். தெரியுது என்று சொல்லிவிட மாட்டாளா என்று என் மனசு கெஞ்சியது.

"ஓரமாப் பாத்தாலும் இல்லப்பா."

அவர் குரல் என் பக்கம் திரும்பியது. "எனக்கு ஆறு எப்ப மாப்ள?"

பதிவேட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. "நாலு வருஷத்துக்கு முன்னாடி."

"நாலு வருஷம்" என்றார். "அப்ப நா சாயங்காலத்துல சைக்கிள் ஓட்டிக்கிட்டிருந்தேன். நெறைய மிச்சம் இருந்துச்சு." பிறகு, "எழுதிக்க. இன்னைக்குத் தேதி போட்டு எழுது. நாளைக்குக் காலைல ரத்தம் குடுக்கப் போறோம். அக்காகிட்ட நானே சொல்றேன்" என்றார்.

எழுதினேன். காட்சி என்று இருக்கும் இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அவள் வயதைப் போட்டேன். எண் என்ற இடத்தில் ஆறு. பிறகு அரங்க விளக்கைப் பாதி அளவுக்குப் போட்டேன். அத்தான் முதலில் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் படி ஓரம்வரை வந்து நின்றாள். பாதி வெளிச்சத்தில் எனக்குப் படி ஒவ்வொன்றும் தெரிந்தது. அவள் கண் படியைப் பார்க்கவில்லை, கை மட்டும் காற்றில் என்னைத் தேடியது. நான் மறுபடியும் விளையாட்டுக்கு இழுத்துக்கொள்வேனோ என்று பாதியில் அது ஒரு நொடி தயங்கியது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.