ஜீப்புக்குப் பின்னால் ஒரு கல்

செப்டம்பர் 11, வியாழன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஹேண்ட் பிரேக் தளர்ந்துவிட்டது என்று எங்கள் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்த ஜீப்பில், டிரம்முக்குள் உராய்ந்து பிடிக்கும் பிரேக் ஷூவைப் பார்க்காமல் கேபிளை இறுக்கிவிட்டேன். ஷூவைச் சரிசெய்த பிறகுதான் கேபிளில் கைவைக்க வேண்டும் என்று மாலை வகுப்பில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். நிதிஷ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றதால் வரிசை மறந்துபோனது என்று எழுதத் தோன்றுகிறது. அது காரணமல்ல, சாக்கு.

ஜீப் நிதிஷுடையது. ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. வார நாட்களில் குப்பத்து ஃபைபர் படகுகளைக் கயிறு கட்டி மணல்மேட்டில் இழுத்து ஏற்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் கூட்டத்தோடு மலை ஏறப் போகும். கூரைமேல் வரிசையாக விளக்குகள். ஆற்றைக் கடக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க மேல்நோக்கி ஒரு குழாய். எனக்குத் தெரிந்து அது கடந்த பெரிய ஆறு, மழைக்காலத்து எண்ணூர் நெடுஞ்சாலை. கண்ணாடியில் "மலைகளின் ராஜா" என்று ஒட்டியிருக்கிறது. ராஜாவுக்கு நின்ற இடத்தில் நிற்கத் தெரியவில்லை.

கேபிளை இறுக்கியதும் லீவர் பாதியிலேயே கெட்டியானது. நிதிஷ் சிமெண்ட் தரையில் நிறுத்தி இழுத்துப் பார்த்தான்.

"செம டைட்டு. அவ்ளோதான் மேட்டர்."

எனக்குச் சந்தேகம். ஷெட் வாசலில் இருக்கும் சரிவில் ஏற்றி நிறுத்தச் சொன்னேன். லீவரை முழுதாக இழுத்தும் ஜீப் மெதுவாகப் பின்னால் உருண்டது. கேபிளைத் தளர்த்திவிட்டு வண்டிக்கு அடியில் போனேன். இந்த வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் கிடையாது. கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் தலையில் ஒரு டிரம் இருக்கும், அதில்தான் பிடிக்கும். டிரம்மைத் திறந்தால் உள்ளே எல்லாம் எண்ணெய். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் போய், கியர் பெட்டியின் எண்ணெயில் ஷூ ஊறிக் கிடந்தது. எதை எவ்வளவு இறுக்கினாலும் அது பிடிக்காது.

"சீலும் மாத்தணும், ஷூவும் மாத்தணும் அண்ணா. நாளைக்கு சாயங்காலம் ஆகும்."

"இன்னா சௌமியா, ஒரு நட்டு திருவுற வேலைக்கு ஆபரேசன் பண்றேன்ற? காலைல படகு இழுக்க வாணாமா?"

"சரிவுல நிக்கலியே."

"நிக்காங்காட்டி இன்னா? கல்லு போட அப்பாவு கீறாரு."

அப்பாவு ஜீப்பின் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வேலை இதுதான்: ஜீப்பால் படகை ஒரே மூச்சில் இழுக்க முடியாது. கொஞ்சம் இழுத்து, நின்று, மறுபடி இழுக்க வேண்டும். நிற்கிற ஒவ்வொரு முறையும் ஜீப் கடலைப் பார்த்து உருளத் தொடங்கும். அதற்குள் அவர் ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைக்க வேண்டும். அப்போது அவருக்கு முன்னால் ஜீப், முதுகுக்குப் பின்னால் படகு. வலது காலில் இரண்டு விரல் நசுங்கித் தட்டையாக இருக்கிறது. கூலியாகப் படகுக்கு ஒரு பங்கு மீன்.

கூரை விளக்குக்குச் செலவழித்தவன் ஒரு வளையல் அகலமுள்ள ரப்பர் சீலுக்கு யோசிக்கிறான். ஷெட் முதலாளி சௌக்கத் அலி பாய் சாத்தாங்காட்டுக்கு இரும்பு எடுக்கப் போயிருந்தார். வண்டியை விடுவதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவுசெய்ய வேண்டும். முடியாது என்றேன். நிதிஷ் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

அப்பாவு இறங்கி என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பாப்பா, அத்த அப்டியே வுட்டுடேன்."

"எதை?"

"பிரேக்கத்தான். அது நின்னுச்சின்னா என்னிய எவன் கூப்டுவான்? கயிறு புடிக்க, தள்ள, எல்லாத்துக்கும் வாலிபப் பசங்க கீறானுங்க. கல்லுக்குத்தான் நானு."

"கால் போயிடும்ணா."

"போறதா இருந்தா எப்பவோ போயிருக்கும்."

நிதிஷை இளக்காரமாக நினைப்பது சுலபம், அதில் எனக்குப் பழக்கமும் உண்டு. இந்த மனிதர்மேலும் அதே இளக்காரம் வந்தது. ஒரு பங்கு மீனுக்காகத் தன் காலைத் தானே சக்கரத்தடியில் நீட்டுகிறார், அதற்கு என்னிடம் சிபாரிசும் கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் வாசலில் சிரிப்புச் சத்தம். நிதிஷ் கேட்டுவிட்டிருந்தான்.

"பாத்தியா? அவரே வாணான்றாரு. நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ணிகினு கீற?"

"ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறீங்களே, அங்க கல்லு போட யாரு வருவாங்க?"

அவன் சிரிப்பு நின்றது.

"மலைப்பாதையில நிறுத்திட்டு போட்டோ எடுக்க இறங்குவீங்க. பின்னாடி பள்ளம் இருக்கும். விளக்கு எல்லாம் புதுசு வேற."

அவன் நிமிர்ந்து விளக்குகளைப் பார்த்தான். ஒன்றைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"சரி, மாத்து. காலைல பசங்கள வெச்சித் தள்ளிக்கிறேன்."

ஒரு மனிதனின் கால்விரல்கள் செய்யாததை நான்கு விளக்குகள் செய்தன. ஜெயித்த சந்தோஷம்கூட வரவில்லை. அதற்குள் அவன் அப்பாவுவின் தோளில் தட்டினான்.

"அப்ப நாளன்னிலேர்ந்து உனுக்கு ரெஸ்ட்டு நைனா. கல்லத் தலைக்கு வெச்சிப் படு."

அப்பாவு அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரெஸ்ட்டெல்லாம் கிடையாது" என்றேன். "பிரேக் புடிச்சாலும் மணல்ல டயர் வழுக்கும். பின்னால படகு வேற தொங்குது. முதல்ல பிரேக், வண்டி நின்னதும் கல்லு. கல்லு இல்லாம இழுத்தா எங்க ஷெட் பொறுப்பில்ல."

"அப்பறம் பிரேக்கு இன்னாத்துக்கு?"

"கல்லு வைக்கிறவர் ஓடாம நடந்துபோய் வைக்கிறதுக்கு."

நிதிஷ் தலையில் அடித்துக்கொண்டான். "படிச்ச பொண்ணாண்ட வண்டிய வுட்டா இப்டித்தான்" என்றவன், வண்டி கடலுக்குள் போவதைக் கற்பனை செய்துபார்த்தானோ என்னவோ, "சரி, ரெண்டும் கெடக்கட்டும்" என்று முடித்தான்.

அப்பாவு எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

"நடந்து போயி வெக்கிறதுக்கு நான் இன்னா கெயவனா?" என்று என்னிடம் எரிந்து விழுந்துவிட்டு, நன்றி என்ற வாடையே இல்லாமல் போனார். நான் நன்றியை எதிர்பார்த்தேன் என்பதுதான் கேவலம்.

மாலை வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டேன்: மணலில், பின்னால் பாரம் தொங்கும்போது, ஹேண்ட் பிரேக் மட்டும் போதுமா? "அது பரீட்சைக்கு வராதும்மா" என்றார். இவரிடம்தான் ஒரு வருடமாகப் படிக்கிறேன்.

பாடப்புத்தகத்திலும் தேடினேன், மணல் என்ற சொல்லே இல்லை. பிரேக் பிடித்த டயரும் மணலில் வழுக்கும் என்பது நான் கண்ணால் கண்டது. ஆனால் அப்பாவு அப்படி என்னைப் பார்க்காமல் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. உண்மை என்பதால் சொன்னேனா, அவர் வேலை நிலைக்கட்டும் என்று சொன்னேனா என்று இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். பிரேக் மட்டுமே தாங்கிவிட்டால் நான் சொன்னது பொய்யாகும், அவர் பங்கும் போகும். தாங்கும் என்றே தெரிந்துவிட்டால் அதையும் நான்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

நாளை: காலையில் ஷாஃப்டைக் கழற்றி, சீலும் ஷூவும் மாற்ற வேண்டும். மாலையில் ஜீப்பை மணல்மேட்டில் ஏற்றி, படகைக் கட்டி, பின்னால் யாரையும் நிற்க விடாமல், பிரேக்கை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.